அடுத்த இதழில் அண்ணன் தம்பி சந்திப்பு

சுவருக்குள்ளால் நடந்து போகிற ஒரு மனிதனுக்காக, ஐம்பது வயது கடந்த இரண்டு பேர் தொண்டை கட்டும் வரை கத்துவது வெட்கக்கேடு என்பது என் மனைவியின் அபிப்பிராயம். நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த மனிதனை எழுதுகிறவர்கள். இதை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

சென்னையில் மாதம் ஒரு முறை அச்சாகி, இரண்டு மாதம் பிந்தித் திருகோணமலைக்கு வந்துசேரும் கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதை அது. நாயகனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நானும் என் கூட்டாளியும் அதைச் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் ஒரே பலகை வாங்கில் இருந்து, முதலாவது புத்தகத்தை மேசைக்குக் கீழே விரித்து வைத்து வாசித்த நாளிலிருந்து எங்களுக்கு அவர் ‘எங்கட ஆள்’தான்.

எங்கட ஆளுக்கு ஒரேயொரு வல்லமை. எந்தச் சுவரையும் ஊடுருவி நடப்பார். ஆனால் ஒரு சுவரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய ஞாபகங்களில் ஒன்று அழிந்துபோகும். எது அழியும் என்று அவருக்கே தெரியாது. முதலாவது புத்தகத்தில் வெள்ளம் வந்து அவருடைய தம்பியைக் கொண்டுபோகிறது. தம்பி சாகவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய், எங்கேயோ ஒரு சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அண்ணன் சுவர் சுவராகத் தேடிப் போகிறார். தம்பியைக் கண்டுபிடிப்பதற்கு முதல் தம்பியையே மறந்துவிடுவாரோ என்பதுதான் கதை. இதைவிட நல்ல கதையை நான் வாசித்ததில்லை. முதலில் அதை எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் கெட்டிக்காரர்.

என் கூட்டாளி கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரன். வள்ளங்களுக்குப் பூட்டும் எஞ்சின்களைத் திருத்துவதுதான் அவனுடைய தொழில். நான் துறைமுகத்தில் கப்பல் சாமான்களின் பத்திரங்களைச் சரிபார்க்கும் கிளார்க். எனக்குப் பொறுமை கிடையாது. கதிரையில் இருந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் நேர்மாறு. ஒரு எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பினான் என்றால் கடைசி ஆணி வரைக்கும் துடைத்துத்தான் நிமிர்வான். அதே பொறுமையோடு, தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில், எங்கட ஆள் கடந்த சுவர்களையும் அதனால் அவர் மறந்தவற்றையும் எழுதிவைத்திருந்தான். அரிசி ஆலைச் சுவர், நீச்சல். சிறைச்சாலைச் சுவர், தாயின் முகம். வங்கிச் சுவர், பாயசத்தின் ருசி. கொப்பி முடிய இன்னொரு கொப்பி, அது முடிய மூன்றாவது.

அந்தக் கொப்பிகள்தான் எங்கள் நிம்மதியைக் கெடுத்தன. முதலில் எழுதியவர் போய் இன்னொருவர் வந்தார், அவர் போய் மற்றொருவர் வந்தார். வந்தவர்களில் ஒருவராவது பழைய புத்தகங்களைத் தூசி தட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீச்சலை மறந்த மனிதர் ஒரு நாள் நடுக்கடலில் குதித்து மந்திரியின் மகளைக் காப்பாற்றினார். தாயின் முகத்தை மறந்தவர் தாயின் படத்தைக் கண்டு ‘அம்மா!’ என்று அலறினார். எங்கட ஆளை மூன்று தரம் சாகடித்தார்கள். மூன்று தரமும் எழுப்பினார்கள். ஒருவர் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அடுத்தவருக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. ஆகவே ஐந்து வருடக் குடும்ப வாழ்க்கையும் கனவு என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார். அந்த மனிசி எவ்வளவு நல்ல மனிசி தெரியுமா? ஒவ்வொரு நாளும் இரவில் புருசனுக்கு அவர் மறந்ததை எல்லாம் திருப்பிச் சொல்லிக்கொடுப்பாள். அவளை அழித்ததற்கு என் கூட்டாளி இரண்டு நாள் பட்டறை திறக்கவில்லை.

தம்பி மட்டும் கிடைக்கவேயில்லை. தம்பியின் செருப்புக் கிடைத்தது, தம்பியின் குரல் கேட்டது, தம்பியின் நிழல் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பட்டி வரும்: ‘அடுத்த இதழில் அண்ணன் தம்பி சந்திப்பு!’ அடுத்த இதழை வாங்கினால் வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கியிருப்பார்கள்.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் நின்று அப்படியொரு இதழை வாசித்துக்கொண்டிருந்தபோது, நகரத்தில் திரிகிற மான்களில் ஒன்று பின்னால் வந்து அட்டையின் மூலையைக் கடித்து இழுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் விரட்டினார்கள். நான் விரட்டவில்லை. அந்த இதழைப் பற்றி அந்த மான் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு.

இன்னொரு நாள் அதே பஸ் நிலையத்திலிருந்து கிண்ணியா பஸ்ஸில் ஏறி, இருக்கையில் இருந்துகொண்டு கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். எங்கட ஆள் மூன்றாம் தரம் செத்திருந்த மாதம் அது. பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

“மச்சான், எங்கட ஆளைத் திரும்பவும் கொன்றுபோட்டாங்கள்!”

பஸ் அப்படியே அடங்கியது. கொண்டக்டர் டிக்கட் கிழிப்பதை நிறுத்தினார். எனக்கு முன்னால் இருந்த அம்மா திரும்பி, என் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டார்.

“ஆர் தம்பி? எந்த இடத்தில?”

சித்திரக்கதை என்று நான் சொல்லவில்லை. தூரத்துச் சொந்தம் என்று முணுமுணுத்தேன். அந்த அம்மா இறங்கும் வரை அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்து ‘உச்’ கொட்டிக்கொண்டே வந்தார். யுத்தம் பார்த்த இந்த ஊரில் அந்த வசனத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டாளிக்கு இதைச் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்போது அவனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முதலில் இடக்கண்ணை எடுத்தது. எஞ்சினுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு கரி அப்பினதுபோல் இருக்கிறது என்றான். கண்ணாடி மாற்றினான், சொட்டு மருந்து விட்டான், ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தான். வலக்கண்ணிலும் புழு நெளிகிறமாதிரி ஏதோ ஓடுகிறது என்று சொன்ன அன்றைக்குத்தான் நான் லீவு போட்டு, அவனைக் கண் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே அவன் தனியாகப் போனான். டொக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருக்கிறார், ஆனால் சிங்களத்தில். என் கூட்டாளியின் சிங்களம் எஞ்சின் உதிரிப்பாகங்கள் வாங்கும் அளவுக்குத்தான் போதும். அது டொக்டருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, இதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி நன்றாகக் கேட்டு விளங்கிக்கொள் என்று கொடுத்துவிட்டிருந்தார். அந்த ஒருவர் வெளியே வாங்கில் காலை ஆட்டிக்கொண்டிருந்த நான்தான்.

கடிதத்தில் சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. இடக்கண் பார்வை மீளாது. வலக்கண்ணிலும் உள்ளே இரத்தக் கசிவு இருக்கிறது. லேசர் பிடிக்கப்படும். இருந்தும் ஒரு வருடத்துக்குள் வாசிக்கிற பார்வை போய்விடக்கூடும். இதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கி அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும்.

“என்ன மச்சான் எழுதியிருக்கு?” என்று அவன் கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் ஒரு கை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பைப் பிசைந்துகொண்டிருந்தது.

“இடது கஷ்டமாம். வலது லேசர் பிடிச்சா நிக்குமாம்,” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்லதை மட்டும் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்று எனக்குப் பட்டது. ஆகவே கஷ்டமான ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். “ஒண்டு. கண்ணைக் களைக்க வைக்கக்கூடாதாம். வாசிக்கிறதைக் குறைக்கட்டாம்.”

அவன் உடனே நம்பினான். அந்தச் சின்னக் கட்டுப்பாடுதான் அவனை நம்பவைத்தது. கடிதத்தை நாலாக மடித்து என் கையால் அவன் சட்டைப் பைக்குள் வைத்தேன். அந்த நிமிடத்தில் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய மகன் கட்டாரில் வேலை, வீட்டில் மனைவி மட்டும். நாலு நாள் நிம்மதியாக இருக்கட்டும், பிறகு ஆள் பார்த்து மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாலு நாள் நாலு கிழமை ஆனது. பிறகு சொல்வதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? புத்தக அலுமாரியைப் பூட்டினான். முதலாவது இதழிலிருந்து அன்று வரைக்கும் வந்த நானூறுக்கு மேற்பட்ட புத்தகங்களும் அதற்குள்தான் இருந்தன. வருடத்தில் ஒரு தரமாவது பழையவற்றை எடுத்து வாசிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. அதை விட்டான். கொப்பி எழுதுவதை விட்டான். பத்திரிகையை விட்டான். கண்ணை மிச்சம் பிடிக்கிறேன் என்றான்.

“எல்லாத்தையும் நீ வாசிச்சுச் சொல்லு மச்சான். அந்தச் சந்திப்பு வாற புத்தகத்தை மட்டும் நான் என்ட கண்ணால பாக்கோணும். முப்பத்தஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டிரிக்கிறன்.”

அன்றிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. சனிக்கிழமைகளில் புத்தகக் கடை திறப்பதற்கு முதல் வாசலில் போய் நிற்பேன். பார்சல் பிரித்தவுடன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அடுத்த இதழில் சந்திப்பு. அடுத்த மாதமும் அதேதான். இடையில் ஒரு முழு இதழை எங்கட ஆளின் புது உடுப்புத் தைக்கிற கதையில் கழித்தார்கள். உடுப்பு! ஒரு மனிதனுடைய கண் மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டு போகிறது, இவர்கள் மேலங்கிக்குப் பொத்தான் வைப்பதா சங்கிலி வைப்பதா என்று ஆறு பக்கம் எழுதுகிறார்கள். கடைக்காரர் முன்னாலேயே புத்தகத்தைத் தரையில் அடித்தேன். பிறகு குனிந்து எடுத்துத் துடைத்தேன்.

அவர்களுக்கு என் கூட்டாளியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் ஒரு கதையை முப்பத்தைந்து வருடம் இழுத்தால், அதற்குள் வாசிக்கிறவர்களுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று ஒரு யோசனை இருக்க வேண்டாமா?

சனி பின்னேரம் கிண்ணியா பஸ்ஸில் போய், ஓட்டோ பிடித்து அவன் வீட்டில் இறங்கினால், ஒவ்வொரு கிழமையும் அவன் என்னை இன்னும் கொஞ்சம் பிந்தித்தான் அடையாளம் கண்டான். முதலில் வாசல் படியில், பிறகு கதிரைக்குப் பக்கத்தில், பிறகு நான் வாய் திறந்த பிறகு. “லேசருக்குப் பிறகு தெளிய நாள் எடுக்குமாம்தானே,” என்பான். நான் ஓம் என்று ஒத்துக்கொள்வேன். அவன் மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையை அவன் விரலைப் பிடித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

பொறுக்க முடியாமல் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கூட்டாளியின் கண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது அச்சில் வந்து, யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது? ஆகவே கோபத்தை மட்டும் எழுதினேன். நீச்சல், தாயின் முகம், கனவாக்கப்பட்ட மனைவி எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் இப்படி முடித்தேன்: ‘அண்ணன் தம்பி சந்திப்பை இனியும் ஆறுதலாகச் செய்ய வேண்டாம்.’

என் கடிதத்தைப் போட்டார்கள், ஆனால் நாலு வரியாக்கி. கீழே ஆசிரியரின் பதில்: ‘சந்திப்பு ஆறுதலாக இருக்கவே கூடாது என்கிறார் இந்த இலங்கை வாசகர்! எப்படிப்பட்ட நெஞ்சுரம்! கவலை வேண்டாம் நண்பரே, எங்கள் கதைக்குழு உங்கள் பக்கம்தான். நெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.’

நடு வீதியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏசிக்கொண்டு விலகிப் போனார். எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரப்படாமல். ஆறுதலாகச் சாப்பிடுங்கோ, ஆறுதலாக வாங்கோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறோம். அங்கே ஆறுதல் என்றால் மனத்தேறுதல் மட்டும்தான் என்பது எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. கெதியாக, பிந்தாமல் முடியுங்கள் என்று கேட்கப் போனவன், தேறுதல் இல்லாமல் முடியுங்கள் என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன். திருத்தி இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

சந்திப்பு இதழ் வந்தது. இந்த முறை உண்மையாகவே வந்தது. அட்டையில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் வாசிக்கத் தொடங்கி, கிண்ணியாப் பாலம் ஏறுவதற்கு முதல் முடித்துவிட்டேன். எங்கட ஆள் கடைசிச் சுவரைக் கடக்கிறார். அங்கே தம்பி நிற்கிறான். ஓடிப் போய்த் தொடுகிறார். தம்பி உடைந்து விழுகிறான், உள்ளே கம்பியும் சக்கரமும். வில்லன் சிரிக்கிறான்: உனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்ததேயில்லை, அந்த ஞாபகத்தை உன் மண்டைக்குள் வைத்ததே நான்தான். கடைசிப் பக்கத்தில் பட்டி: ‘அடுத்த இதழில் புதிய தொடக்கம்!’

என் கடிதத்தால்தான் இப்படி எழுதினார்களா, அல்லது எப்படியும் இதைத்தான் எழுதியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. பாலத்தின் நீளம் முழுக்க அதை நினைத்துக்கொண்டு, முன்னிருக்கையின் கம்பியைக் கையால் குத்திக்கொண்டே போனேன்.

அவன் எனக்காகக் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்திக் காத்துக்கொண்டிருந்தான். போனில் முதலே சொல்லியிருந்தேன் சந்திப்பு வந்துவிட்டது என்று. வாசித்து முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

புத்தகத்தைக் கையில் வாங்கினான். அட்டையைத் தடவினான். யன்னலுக்குப் பக்கத்தில் போய் முகத்தோடு ஒட்டிப் பிடித்தான். தூரமாகப் பிடித்தான். தலையைச் சரித்தான். பக்கங்களைப் புரட்டினான். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அவன் மனைவி குசினி வாசலில் கோப்பையோடு நின்றபடியே நின்றார்.

“வெள்ளையும் கறுப்பும் தெரியுது. ஆக்களைத் தெரியல்ல,” என்றான். பிறகு புத்தகத்தை என் பக்கம் நீட்டினான். “வாசி மச்சான். ஒவ்வொரு கட்டமாச் சொல்லு. ஒண்டையும் விடாத.”

வாசித்தேன். சுவர் வரைக்கும் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் என் வாய் நின்றது. அவன் கதிரையின் நுனியில் இருந்தான். இந்த மனிதனுக்கு எப்படித் தம்பியை உடைத்துக் காட்டுவது?

ஆகவே நான் எழுதினேன். வாயாலேயே எழுதினேன். தம்பிக்குத் தலை நரைத்திருக்கிறது என்றேன். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ச் செம்பு. அண்ணன் உள்ளே வருகிறார், கடைசிச் சுவர் தம்பியின் முகத்தையும் அழித்துவிட்டது, ஆளைத் தெரியவில்லை. தம்பி எழும்பி நின்று கேட்கிறான், நீங்கள் யார் என்று. அண்ணனின் பதிலை வாசிப்பதுபோல் சொன்னேன்.

“‘நான் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனா உன்னைத் தேடித்தான் வந்தனான்.’”

கூட்டாளி காதை என் பக்கம் திருப்பினான்.

“திருப்பி வாசி,” என்றான்.

திருப்பிச் சொன்னேன். அதே வார்த்தைகள்.

“வந்தனான் எண்டா போட்டிரிக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஒருவராவது ‘வந்தனான்’ என்று சொன்னதில்லை. அங்கே எல்லாரும் ‘வந்தேன்’தான். அது என் வீட்டுப் பேச்சு. அவன்கூட அப்படிப் பேசமாட்டான். பள்ளிக்கூடத்தில் நான் ‘வந்தனான், போனனான்’ என்று சொல்லும்போதெல்லாம் அதே இழுவையோடு சொல்லிக் காட்டிப் பகிடி பண்ணியவன் அவன்தான்.

“இது உன்ட வாய்,” என்றான். “புத்தகத்தில என்ன இரிக்கு?”

சொல்லிவிட்டேன். கம்பி, சக்கரம், வில்லனின் சிரிப்பு, தம்பியே இல்லை என்றது, புதிய தொடக்கம். எழுதினவர்களை வாயில் வந்தபடி ஏசவும் தொடங்கினேன். வழக்கமாக அந்த இடத்தில் அவனும் சேர்ந்துகொள்வான். இந்த முறை சேரவில்லை.

“அவனுகள விடு. அவனுகளுக்கு என்னைத் தெரியாது,” என்றான். “நீ ஏன் மாத்தின?”

“உனக்குக் கவலையாயிருக்கும் எண்டு...”

“எனக்குப் பாக்க ஏலாது. அதுக்காக எதைக் காட்டினாலும் சரியெண்டு நினைச்சிட்டியா?”

அவன் மனைவி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “என்ன இது, ஒரு படப்புத்தகத்துக்கு,” என்றார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுக் குசினி வாசலுக்குத் திரும்பிப் போனார்.

ஊரெல்லாம் கேட்கும்படி நான் ஏசித் திரிந்த குற்றம் இதுதான். வாசிக்கிறவனுக்கு எது நல்லது என்று தங்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் கதையை மாற்றுகிறார்கள் என்று. ஐந்து நிமிடத்தில் நானும் அதைச் செய்துவிட்டேன். எழும்பிப் போய்விடலாம்போல இருந்தது. செருப்பைக்கூடக் காலால் தேடினேன்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

“அந்தக் கடிதத்தையும் நீதானே வாசிச்ச?”

எந்தக் கடிதம் என்று கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

“அதிலயும் இப்பிடித்தானா?”

நான் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். அவன் சாரத்தின் இடுப்பிலிருந்து திறப்புச் சாவியை எடுத்து, முதுகுக்குப் பின்னால் இருந்த அலுமாரியைக் கையால் தடவித் திறந்தான். கடிதம் மேல்தட்டில், கொப்பிகளுக்கு மேலே, நான் மடித்த மடிப்போடு இருந்தது. என் பக்கம் நீட்டினான்.

“உள்ளதை வாசி. தமிழில சொல்லு.”

வாசித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ். இடக்கண், வலக்கண், இரத்தக் கசிவு, லேசர். வாசிக்கிற பார்வை ஒரு வருடத்துக்குள் போய்விடக்கூடும் என்ற இடத்தில் கடிதத்திலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் “ம்” என்றான், நான் தொடர வேண்டும் என்பதற்காக. ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதோடு கடிதம் முடிந்தது.

“கண்ணைக் களைக்க வைக்கக்கூடாது எண்டது?”

“அது அதில இல்லை,” என்றேன்.

அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார். அவன் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். திறந்திருந்த அலுமாரிப் பக்கம் திரும்பி, கையை உள்ளே விட்டு, அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து மேல்நோக்கிப் புத்தகங்களின் முதுகை விரலால் தடவிக்கொண்டு போனான். கிளினிக்கிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் ஆறு ஏழு மாதம் அவனுக்கு எழுத்துத் தெரிந்த மாதங்கள். பூட்டிய அலுமாரிக்கு முன்னால், கண்ணை மிச்சம் பிடித்துக்கொண்டு அவன் இருந்த மாதங்கள்.

“சொல்லியிருந்தியெண்டா நான் முதலாம் புத்தகத்திலயிருந்து தொடங்கியிருப்பன் மச்சான்,” என்றான். “ஒரு நாளைக்கு ரெண்டு வாசிச்சாலும் எல்லாத்தையும் முடிச்சிருப்பன்.”